தொண்டு ஓட்டங்களில் சலிப்பு தட்டியவர்களுக்கு: மறுபடியும் ஓடத் தொடங்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு நல்ல பணிக்கு நிதி திரட்ட நடக்கும் தொண்டு ஓட்டங்களில் சில வருடங்கள் விடாமல் ஓடியவர்கள் திடீரென்று நின்றுவிடுவதைப் புதுச்சேரியிலும் கடலூரிலும் நிறையப் பார்க்கிறேன். அலாரம் அடிக்கும், அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்துவிடுவார்கள். வாட்ஸ்அப் குரூப்பில் அடுத்த ஓட்டத்தின் பதிவு இணைப்பு வரும், திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள்.

அப்படி நின்றுபோன பலர் மறுபடியும் ஓடத் தொடங்க அவர்களோடு சேர்ந்து முயன்றிருக்கிறேன். மீண்டு வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் மீண்டார்கள். தடுமாறியவர்கள் பெரும்பாலும் அந்த வரிசையைத் தலைகீழாக்கியவர்கள். "பணம் கட்டிட்டா தானா ஓடிடுவேன்" என்று முதல் வேலையாக அடுத்த ஓட்டத்துக்குப் பதிவு செய்தவர்கள். இங்கே பதிவு செய்வது எட்டாவது படியில்தான் வருகிறது. அதுவரை வர ஏழெட்டு வாரம் பிடிக்கும். அவசரப்பட வேண்டாம்.

1. முதலில் எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு நோட்டு. பழைய பிப்கள் (ஓடும்போது சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டைகள்), நன்கொடை ரசீதுகள், வசூல் கணக்கு ஏதாவது இருந்தால் அது. இப்போது போட்டு ஓடும் ஷூ. அப்புறம் ஒரு ஆள். அவர் உங்களோடு ஓட வேண்டும் என்பதில்லை. நீங்கள் சொல்வதைக் குறுக்கே பேசாமல் கேட்டால் போதும்.

பிப்பும் ரசீதும் எதற்கு என்று கேட்பார்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் எதிரே, அது எந்தப் பணிக்காக நடந்தது என்று எழுதிப் பாருங்கள். அரியாங்குப்பத்தில் ஓர் ஆசிரியை வீட்டில் ஜன்னல் கம்பி முழுக்க மெடல் தொங்கும். உட்கார்ந்து எழுதியபோது, பாதிக்கு மேல் எதற்காக ஓடினோம் என்றே அவருக்கு நினைவு வரவில்லை. டி-ஷர்ட்டை எடுத்து விரித்தோம். முதுகு முழுக்க ஸ்பான்சர் பெயர்கள். பணியின் பெயர் சட்டைக் கைக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது. அவருக்கு ஏன் சலித்தது என்பது அங்கேயே பாதி விளங்கிவிட்டது.

பதிவுத் தளங்கள் அனுப்பும் அறிவிப்புகளை இப்போதே நிறுத்திவையுங்கள். 'நாளை முதல் கட்டணம் உயர்கிறது' என்ற செய்தி வந்துகொண்டே இருந்தால் இந்த வரிசை குலைந்துவிடும்.

2. எது தீர்ந்துபோனது என்று பாருங்கள்

தொண்டு ஓட்டத்தில் மூன்று வேலைகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கின்றன. உடம்பால் ஓடுகிறோம். ஒரு பணியை நம்புகிறோம். மற்றவர்களிடம் போய்ப் பணம் கேட்கிறோம். மூன்றில் ஒன்று தீர்ந்தாலும் மொத்தமும் நின்றுபோகும். எது தீர்ந்தது என்று தெரியாமல் மருந்து போடக் கூடாது. பணம் கேட்டுக் களைத்தவருக்குப் புது ஷூ வாங்கிக் கொடுத்து என்ன பயன்?

நோட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்: பிப் கிடையாது, வசூல் கிடையாது, நாளைக் காலை நண்பரோடு மெதுவாக மூன்று கிலோமீட்டர் ஓடலாம் என்றால் வருவீர்களா? அதற்கும் மனம் வரவில்லை என்றால் முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். சந்தோஷமாக வருவேன், ஆனால் நன்கொடை கேட்டுச் செய்தி எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை என்றால், தீர்ந்தது கேட்கும் தெம்பு. ஓடவும் முடிகிறது, கேட்கவும் முடிகிறது, ஆனால் ஓட்டம் முடிந்த மறுநாள் 'இதனால் யாருக்கு என்ன ஆச்சு' என்று வெறுமையாக இருக்கிறது என்றால், பணியோடு இருந்த பிடிப்பு விட்டுப்போயிருக்கிறது.

இந்த இடத்தில் எல்லோரும் செய்யும் தவறு, மூன்றையும் சேர்த்து 'சோம்பேறித்தனம்' என்று பெயர் வைத்துக்கொள்வது. வருடக்கணக்கில் விடியற்காலை எழுந்து ஓடியவர் ஒரே மாதத்தில் சோம்பேறியாகிவிட மாட்டார். உங்களைத் திட்டிக்கொள்வதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேடுங்கள்.

எந்தப் பதில் வந்தாலும் அடுத்து வரும் படிகளை வரிசையாகவே செய்யுங்கள். உங்களுக்குப் பொருந்தும் படியில் மட்டும் அதிக நாள் செலவிடுங்கள்.

3. உடம்பை விசாரியுங்கள்

பத்துப் பன்னிரண்டு நாள் ஓட்டத்தை முழுதாக நிறுத்துங்கள். நடக்கலாம், நீந்தலாம், வீட்டு வேலை செய்யலாம். இவ்வளவு காலத்தில் சேர்த்த தெம்பு இந்தச் சில நாளில் கரைந்துவிடாது. இரண்டு வாரத்துக்கு உட்பட்ட ஓய்வில் உடல் இழப்பது மிகக் குறைவு, அதுவும் சீக்கிரம் திரும்பி வந்துவிடும்.

அந்த நாட்களில் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் எனும் இரும்புச் சத்து இருப்பு, தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் டி, பி12. பெண்களில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும் ஆண்களில் 13 கிராமுக்கும் கீழே இருந்தால் ரத்தசோகை என்று கணக்கு. ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் அடிமட்டத்தில் இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு மாடிப்படி ஏறினாலே கால் கனக்கும். அதை மனச்சோர்வு என்று நினைத்து ஊக்கப் பேச்சு கேட்டுக்கொண்டிருப்பார்கள். முடிவை மருத்துவரிடம் காட்டுங்கள். இரும்பு மாத்திரையை நீங்களாக வாங்கிப் போட வேண்டாம்.

தூக்கத்தையும் எழுதி வையுங்கள். இரவு பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுகிறவருக்கு எந்த ஊக்கமும் வேலை செய்யாது. ஷூவையும் திருப்பிப் பாருங்கள். பொதுவாக ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும். அடிப்பாகம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தால் முழங்கால் வலிக்கு அது காரணமாக இருக்கலாம்.

நெஞ்சு வலி, மயக்கம், வழக்கமில்லாத படபடப்பு இருந்தால் இந்த வழிகாட்டியை மூடிவைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். வாரக்கணக்கில் எதிலுமே மனம் ஒட்டவில்லை, சாப்பாடு இறங்கவில்லை, அழுகை வருகிறது என்றாலும் அப்படித்தான். ஓட்டம் அதற்கு வைத்தியம் ஆகாது.

4. ஓடாமல், பணி நடக்கும் இடத்துக்கு ஒரு முறை போங்கள்

இதுதான் இந்த வரிசையின் நடுநாயகம். இதைத் தாண்டிப் போகிறவர்கள் அதிகம். 'நான் ஓடுறேன், பணம் போகுது, அது போதாதா' என்பார்கள். முதல் வருடம் போதும். நாலாவது வருடம் போதாது. எதற்காக ஓடுகிறோமோ அந்த முகம் மனதிலிருந்து மங்கிவிடுகிறது, மெடல் மட்டும் மிஞ்சுகிறது.

முன்கூட்டியே போன் செய்து அனுமதி கேட்டுப் போங்கள். வார நாளாக இருக்கட்டும். விழா நாளில் போனால் மாலையும் மைக்கும்தான் இருக்கும், வேலை நடப்பதைப் பார்க்க முடியாது. தனியாகவோ இன்னொருவரோடோ போங்கள். பத்துப் பேர் டி-ஷர்ட் போட்டுக்கொண்டு போகாதீர்கள். மருத்துவமனை, முதியோர் இல்லம், குழந்தைகள் இருக்கும் இடம் எதுவானாலும் போனைப் பையில் வைத்துவிடுங்கள். அங்கிருப்பவர்களின் படத்தை உங்கள் ஸ்டேட்டஸில் போட உங்களுக்கு உரிமை கிடையாது.

மேலே சொன்ன ஆசிரியை, தான் ஏற்கெனவே நிதி திரட்டிக் கொடுத்த பணிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்: ஏழை நோயாளிகளின் டயாலிசிஸ் உதவி. ஒரு காலை முழுக்க டயாலிசிஸ் நடக்கும் இடத்தின் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். உள்ளே போகும் முன் ஒவ்வொருவரையும் எடை பார்க்கும் இயந்திரத்தில் ஏற்றுகிறார்கள். முடிந்து வெளியே வந்ததும் மறுபடியும் ஏற்றுகிறார்கள். உடம்பில் தேங்கிய நீர் எவ்வளவு இறங்கியது என்பதை அந்த இரண்டு எண்களும் சொல்லும். ஒரு தடவைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம், வாரத்தில் இரண்டு மூன்று முறை. பக்கத்தில் இருந்த அம்மா பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மகனைக் கூட்டி வந்திருந்தார். "ஊசி, மிஷினு எல்லாம் பாத்துக்கறாங்க கண்ணு. பஸ்ஸுக்குத்தான் ஒவ்வொரு தடவையும் கை மாத்து வாங்குறேன்" என்றார்.

ஆசிரியை அன்று மாலையே அந்த அமைப்பைக் கேட்டார். ஆமாம், சிகிச்சைச் செலவுக்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், பேருந்துச் செலவுக்கு யாரும் கொடுப்பதில்லை என்றார்கள். பேருந்துக்குப் பணமில்லாமல் ஒரு தடவை தவறவிட்டால் நீர் ஏறி மூச்சுத் திணறும். அவர் மறுபடியும் ஓட வந்ததற்கு அந்த ஒரு தகவல்தான் காரணம்.

நீங்கள் போகும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான்: "உங்களுக்கு எதற்குப் பணம் கிடைப்பதே இல்லை?" இதைக் கேட்டால் கதை வராது, கணக்கு வரும். அதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். ஆறாவது படிக்கு அது தேவை.

போய்ப் பார்த்தும் மனம் ஒட்டவில்லையா? அப்போது பணியை மாற்றுங்கள். அதில் துரோகம் எதுவும் இல்லை. 2004 சுனாமி, 2011 தானே புயல், 2015 வெள்ளம், 2024 நவம்பர் 30-ல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் என்று அடுத்தடுத்து அடி வாங்கிய கரை இது. செய்ய வேண்டிய பணிக்கு இங்கே பஞ்சம் இல்லை.

5. பணம் எங்கே போகிறது என்று கேளுங்கள்

'எல்லாம் கண்துடைப்பு' என்ற எண்ணம் ஒரு முறை உள்ளே வந்துவிட்டால் கால் நகராது. அதைச் சந்தேகமாகவே வைத்திருக்காமல் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

ஓட்டம் நடத்துகிறவரிடம் கேளுங்கள்: பதிவுக் கட்டணத்தில் எவ்வளவு டி-ஷர்ட், மெடல், ஓடும் நேரத்தைப் பதியும் டைமிங் சிப், தண்ணீர், ஆம்புலன்ஸுக்குப் போகிறது, எவ்வளவு பணிக்குப் போகிறது? போன முறை எவ்வளவு கொடுத்தீர்கள், ரசீது இருக்கிறதா? ஓட்டம் நடத்தச் செலவு ஆகும், அது தப்பில்லை. ஆனால் நேராகப் பதில் சொல்லாதவர்கள் நடத்தும் ஓட்டத்தில் உங்கள் பெயரையும் உறவுகளையும் அடகு வைக்காதீர்கள்.

பதிவுக் கட்டணம் வேறு, நன்கொடை வேறு. இரண்டையும் குழப்பிக்கொண்டு கட்டணத்துக்கு வரிச் சலுகை கேட்டு ஏமாந்தவர்கள் உண்டு. நன்கொடையை அமைப்பின் கணக்கில் நேரடியாகச் செலுத்தி, பான் எண் கொடுத்துத் தனி ரசீது வாங்க வேண்டும். 80ஜி என்று எல்லோரும் சொல்லும் சலுகை பழைய வரி முறையில் இருப்பவர்களுக்குத்தான் கிடைக்கும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அதற்கும் கிடையாது.

6. கேட்கும் முறையை மாற்றுங்கள்

பலருக்குக் கசந்துபோனது இந்த இடம்தான். ஒவ்வொரு வருடமும் அதே மச்சான், அதே ஆபீஸ் நண்பர்கள், அதே குடியிருப்போர் குரூப். நீங்கள் செய்தி போட்டதும் எல்லோரும் கும்பிடு பொம்மை அனுப்புவார்கள், பணம் அனுப்ப மாட்டார்கள். நாள் ஆக ஆக, கேட்பதற்கே கூச்சம் வந்துவிடும். உறவுக்காரர் கல்யாணத்தில் உங்களைப் பார்த்ததும் ஒதுங்குவது போலத் தோன்றும்.

நான் சொல்வது இது. குரூப்பில் பொதுவாகப் போடுவதை விடுங்கள். இருபது பேருக்குள் ஒரு பட்டியல் எழுதுங்கள். போன வருடம் கொடுத்தவர்களுக்கு முதலில் பணம் கேட்காமல் ஒரு தகவல் மட்டும் அனுப்புங்கள்: நீங்கள் கொடுத்தது இந்த வேலைக்குப் போனது, நான் போய்ப் பார்த்தேன், இப்படி நடக்கிறது. நான்காவது படியை ஏன் முன்னால் வைத்தேன் என்பது இங்கே விளங்கும். போய்ப் பார்க்காதவரால் இந்தச் செய்தியை எழுதவே முடியாது.

கேட்கும்போது ஒரு முழு அலகாகக் கேளுங்கள். 'உங்களால் முடிந்ததை' என்றால் எதிரில் இருப்பவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று தெரியாது, தள்ளிப்போடுவார். 'ஒரு நோயாளியும் துணைக்கு ஒருவரும் ஒரு மாதம் வந்துபோகும் பேருந்துச் செலவு' என்று சொல்லி, அமைப்பு கொடுத்த தொகையை எழுதினால், முடியும் முடியாது என்று உடனே சொல்லிவிடுவார். ஆசிரியை அப்படித்தான் கேட்டார். நாலு பேர் சேர்ந்து ஒரு மாதத்தை எடுத்துக்கொண்ட குடும்பங்களும் இருந்தன.

பணத்தை உங்கள் ஜிபேயில் வாங்காதீர்கள். அமைப்பின் கணக்கு எண்ணையோ க்யூஆர் குறியையோ அனுப்புங்கள். நீங்கள் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், மற்றவர் பணம் உங்கள் கையில் இருக்கும் வரை கணக்குச் சொல்லும் பாரம் உங்கள் தலையில்தான். அந்தப் பாரமே பலரை அடுத்த வருடம் ஓட விடாமல் செய்கிறது.

ஒருவரிடம் இரண்டு முறைக்கு மேல் கேட்க வேண்டாம். ஒரு வருடம் யாரிடமும் கேட்காமல், உங்கள் பணத்தை மட்டும் கொடுத்து ஓடினாலும் அது தொண்டு ஓட்டம்தான்.

7. பிப் இல்லாமல் நான்கு வாரம்

இப்போதுதான் ஷூவை மாட்டுகிறோம். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் இருபது முதல் முப்பது நிமிடம். பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். மூச்சு வாங்கி வாக்கியம் உடைந்தால் நடங்கள். மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று முதல் வாரம் முழுக்கப் போகலாம். வாரத்துக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் கூட்ட வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் கடிகாரத்தையும் ஓட்டச் செயலியையும் வீட்டில் வையுங்கள். பழைய நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததும் மனம் உடைகிறது. மெதுவாகத்தான் ஓடுவீர்கள், அது சரியானதுதான்.

இடத்தையும் மாற்றுங்கள். புதுச்சேரியில் எல்லோரும் பீச் ரோட்டுக்கே போவார்கள். மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி வராது, பழைய சாராய ஆலைப் பக்கத்திலிருந்து டூப்ளே சிலை வரை நிம்மதியாக ஓடலாம். ஆனால் அங்கே தெரிந்தவர்கள் அதிகம். 'என்ன சார், ஆளையே காணோம்? அடுத்து எந்த ரன்?' என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு இன்னும் உங்களிடம் பதில் இல்லை. அதனால் முதல் இரண்டு வாரம் லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானமோ உங்கள் தெருப் பக்கத்து மண் பாதையோ நல்லது. மண்ணில் முழங்காலுக்கும் இதம்.

கடலூர்க்காரர்கள் மஞ்சக்குப்பம் மைதானத்தில் தொடங்கலாம். சில்வர் பீச்சில் காலாற நடங்கள், ஆனால் இளமணலில் ஓடாதீர்கள். குதிகால் புதைந்து புதைந்து கெண்டைக்காலும் குதிகால் நரம்பும் இழுத்துக்கொள்ளும். ஈர மணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். ஒரே பக்கமாக ஓடினால் இடுப்பு வலிக்கும், போன வழியே திரும்பி வர வேண்டும்.

மூன்றாவது வாரம் புதிதாக ஓட வந்த ஒருவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். அவருடைய வேகத்துக்கு நீங்கள் இறங்கிப் போங்கள். முதல் முறையாக நிற்காமல் இரண்டு கிலோமீட்டர் ஓடி முடித்தவரின் பக்கத்தில் நின்றால், உங்கள் முதல் வருடம் நினைவுக்கு வரும். ஏதாவது ஓட்டம் நடந்தால் தண்ணீர் கொடுக்கும் மேஜையில் நில்லுங்கள். கடைசியாக வருகிறவர்கள் வரும் வரை நிற்க வேண்டும், பாதியில் கிளம்பிவிடக் கூடாது. முன்னால் ஓடியவர்கள் பார்க்காத ஓட்டம் அது. வயிறு பெருத்த மாமா, சேலையை இழுத்துச் செருகிய அக்கா, பேத்தியின் கையைப் பிடித்த தாத்தா எல்லோரும் அந்த நேரத்தில்தான் வருவார்கள்.

நான்கு வாரம் முடிந்தும் ஷூவைப் பார்த்தாலே எரிச்சல் என்றால் இன்னும் இரண்டு வாரம் தண்ணீர் மேஜையிலேயே இருங்கள். தொண்டு செய்ய ஓடித்தான் ஆக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

8. பருவம் பார்த்து ஒரே ஒரு ஓட்டத்துக்குப் பதிவு செய்யுங்கள்

ஒன்று போதும். பிடிப்பு திரும்பிய வேகத்தில் நாலு ஓட்டத்துக்குப் பணம் கட்டி, இரண்டாவதிலேயே களைத்துப்போகிறவர்கள் ஏராளம்.

நம் கரைக்குத் தகுந்த நாள் தை, மாசி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பயிற்சி விட்டு விட்டுத்தான் நடக்கும், தெருவில் தேங்கிய தண்ணீரில் குழி தெரியாது. மார்ச்சுக்கு மேல் புழுக்கம். கத்திரி வெயிலில் ஆறரை மணிக்கே தலை கொதிக்கும். அந்த மாதங்களில் கிலோமீட்டருக்கு அரை நிமிடத்துக்கு மேல்கூட மெதுவாகும். அது வெயிலின் வேலை, உங்கள் குறை கிடையாது. வெயில் காலத்தில் ஓடியே ஆக வேண்டுமென்றால் உடம்பு பழக இரண்டு வாரம் கொடுங்கள், ஐந்து மணிக்கே தொடங்குங்கள், முடித்ததும் உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ குடியுங்கள்.

ஜனவரி, பிப்ரவரி ஓட்டத்துக்கு ஆகஸ்டிலேயே தொடங்கினால் மழையில் போகும் நாட்களுக்கும் கணக்கு இருக்கும். தூரத்தைக் குறைத்துப் பதிவு செய்யுங்கள். அரை மாரத்தான் ஓடியவராக இருந்தாலும் இந்த முறை 10 கிலோமீட்டர், அல்லது ஐந்து. போட்டி மனப்பான்மையால் களைத்தவர்களுக்குப் பிப்ரவரியில் நடக்கும் ஆரோவில் மாரத்தான் நல்ல மருந்து. பரிசு கிடையாது, செம்மண் பாதையில் மரங்களுக்கு நடுவே ஓடுவதுதான் அங்கே எல்லாம். உங்கள் பணிக்கான வசூலை அதோடு நீங்களே இணைத்துக்கொள்ளலாம். தொண்டு ஓட்டம் என்று பெயர் வைத்த ஓட்டத்தில்தான் நிதி திரட்ட வேண்டும் என்பதில்லை.

பிப் வந்ததும் பின்பக்கத்தில், நீங்கள் போய்ப் பார்த்த இடத்தின் பெயரையும் திரட்டப்போகும் அலகையும் பேனாவால் எழுதுங்கள். அடுத்த வருடம் நோட்டை எடுத்து உட்காரும்போது எதற்கு ஓடினோம் என்று யோசிக்க வேண்டியிருக்காது.

9. ஓட்டம் முடிந்த அடுத்த வாரம்

இந்த வாரத்தைப் பெரும்பாலோர் படம் போடுவதில் கழித்துவிடுகிறார்கள். முதலில் அமைப்பிடமிருந்து மொத்த வரவை எழுத்தில் வாங்குங்கள். ஏழு நாளுக்குள் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள்: எவ்வளவு சேர்ந்தது, எத்தனை மாதப் பேருந்துச் செலவு, எப்போதிலிருந்து கிடைக்கும். ரசீது வராதவர்கள் இருந்தால் நீங்களே போன் செய்து வாங்கிக் கொடுங்கள். ஒரு மாதம் கழித்து அனுப்பினால் யாரும் படிப்பதில்லை. இலக்கை எட்டவில்லை என்றாலும் சேர்ந்த தொகையை அப்படியே சொல்லுங்கள்.

ஓட்டம் முடிந்த நாலைந்து நாளில் மனம் கொஞ்சம் தொய்யும். மாதக்கணக்கில் எதிர்பார்த்த ஒன்று முடிந்ததும் அப்படி வருவது இயல்பு. அந்தத் தொய்வை நிரப்ப உடனே அடுத்த பதிவு இணைப்பைத் தேடுவார்கள். மூன்று வாரம் எதற்கும் பணம் கட்டாதீர்கள். அந்த நாட்களில் மெதுவாக நடங்கள், தூங்குங்கள். பணி நடக்கும் இடத்துக்கு இன்னொரு முறை போன் செய்து, பணம் போய்ச் சேர்ந்ததா, இப்போது எதற்குத் தட்டுப்பாடு என்று கேட்டு நோட்டில் எழுதி வையுங்கள்.